பட்டா ஒருவர் பெயரில், பயிர் இன்னொருவர் கையில்: விவசாய நிலம் பற்றிய குழப்பங்கள்

2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டு கிராமங்களில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம்கள் நடந்தன. ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போன், பட்டா விவரம் மூன்றும் வேண்டும். பலருக்கு முதல் இரண்டில் சிக்கல் இல்லை, மூன்றாவதில்தான் இடறியது. ஒருவருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. இன்னொருவருடையது ஐந்து பங்காளிகள் சேர்ந்த கூட்டுப் பட்டா. மூன்றாமவர் இருபது வருடமாக அதே வயலில் உழுகிறார், ஆனால் பட்டாவில் அவர் பெயரே கிடையாது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்குப் பொங்கல் வயலை எட்டிப் பார்ப்பவரின் பதிவோ தடங்கலின்றி முடியும்.

இந்த நால்வரில் யார் விவசாயி? அரசின் ஒவ்வொரு திட்டமும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது. நில உச்சவரம்பு, கம்பெனி விவசாயம், விவசாயிக்கு வரி இல்லை என்றெல்லாம் டீக்கடையிலும் வாட்சாப்பிலும் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருவதுதான்.

நிலத்தின் காகிதங்கள்

நிலம் "என் பெயரில்" இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்தக் காகிதத்தில் என்று கேட்க வேண்டும். காகிதங்கள் நான்கு; வேலைகளும் நான்கு.

1. பத்திரம். பதிவுத் துறையின் கீழ் வரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது. விற்றவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார் என்பதற்கு இது சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு உத்தரவாதம் அல்ல. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் துருவிப் பார்ப்பது அதனால்தான்.

2. பட்டா, சிட்டா. இவை வருவாய்த் துறையின் கணக்கு. இந்த சர்வே எண்ணுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, கட்ட வேண்டியவர் யார் என்று தாலுகா அலுவலகம் எழுதி வைத்திருப்பது. சிட்டா முன்பு கிராம நிர்வாக அலுவலரிடம் தனியாக இருந்தது. கணினிமயமான பிறகு பட்டாவோடு ஒன்றாகிவிட்டது.

3. புலப்படம். நிலத்தின் வடிவம், எல்லை, உட்பிரிவு ஆகியவற்றைக் காட்டுவது.

4. அடங்கல். கிராமக் கணக்கு எண் 2. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டில் எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்று ஆண்டுதோறும் எழுதுவது. நான்கில் சாகுபடியைப் பற்றிப் பேசும் காகிதம் இது ஒன்றுதான். மற்ற மூன்றும் உரிமையையும் எல்லையையும் பற்றிப் பேசுகின்றன.

"பட்டா இருந்தால் நிலம் நம்முடையது" என்ற நம்பிக்கை மிகப் பழையது. பட்டா வலுவான ஆதாரம்தான். ஆனால் வருவாய்ப் பதிவில் பெயர் ஏறுவதால் மட்டும் உடைமை உரிமை பிறந்துவிடாது, பெயர் விட்டுப்போவதால் அது அழிந்தும் போகாது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப்போன பட்டாக்கள் இன்றும் வழக்காகிக்கொண்டிருக்கின்றன. தாலுகா அலுவலகத்தில் "யூ.டி.ஆர். பிழை" என்று சொல்லக் கேட்டால் அது இந்தக் கதைதான்.

புறம்போக்கில் குடியிருப்பவர்களும் உழுபவர்களும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பி-மெமோவும் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. அது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி விதிக்கும் அபராதத்துக்கான சீட்டு. எத்தனை வருடம் அபராதம் கட்டினாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகாது.

பட்டாவில் அளவைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. "0 - 40.50" என்று அச்சாகியிருப்பதை நாற்பதரை சென்ட் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஓர் ஏர் என்பது 2.47 சென்ட், ஆக 40.50 ஏர் என்பது முழுசாக ஓர் ஏக்கர். தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் மா, வேலி என்றுதான் பேச்சு. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரே வயலுக்கு வீட்டில் ஓர் அளவும் பத்திரத்தில் இன்னோர் அளவும் பட்டாவில் மூன்றாவது அளவும் இருந்தால் தகராறு வராமல் என்ன செய்யும்?

"கம்பெனிகள் நிலத்தையெல்லாம் வாங்கிவிட்டன"

நவீன விவசாயம் என்றாலே ஆயிரம் ஏக்கர் பண்ணையும் அதற்குப் பின்னால் ஒரு பெருநிறுவனமும் பலர் மனதில் வருகின்றன. தமிழ்நாட்டின் சாதாரணப் பயிர் நிலத்தில் இதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு வைத்தது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைந்தது. தர ஏக்கர் என்பது நிலத்தின் தீர்வையை வைத்துப் போடும் கணக்கு. நல்ல நன்செய் என்றால் ஏறக்குறைய ஓர் ஏக்கரே ஒரு தர ஏக்கர்; வளம் குறைந்த புன்செய் நாலு ஏக்கர் வரை சேர்ந்தால்தான் ஒன்று. "15 ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்க முடியாது" என்ற பேச்சு அதனால் பாதி உண்மைதான். தேயிலை, காப்பி போன்ற தோட்டப் பயிர்களுக்கு விலக்கு உண்டு. தொழில் தேவைக்கு அரசின் அனுமதி பெற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பினாமி என்ற பழைய வழியும் யாருக்கும் தெரியாததல்ல.

ஆனால் கம்பெனிக்கு நிலம் எதற்கு? பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நிலம் விவசாயியுடையது. கொட்டகையும் அவருடையதே, பெரும்பாலும் கடன் வாங்கிக் கட்டியது. கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, ராத்திரி விழித்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்து வண்டியில் வந்து இறங்கும். ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து நாளில் நிறுவனத்தின் வண்டியே வந்து கோழியை எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போகும். பண்ணையாளருக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. தீவனம் எவ்வளவு தின்றது, எத்தனை செத்தது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

இங்கே பட்டா, கொட்டகை, கடன் மூன்றும் விவசாயி பெயரில் இருக்கின்றன. கோழி மட்டும் அவருடையதல்ல. சந்தையில் கறி விலை உயர்ந்தாலும் கூலி தானாக உயர்ந்துவிடாது. கூலியை உயர்த்தக் கேட்டுப் பண்ணையாளர்கள் போராட்டம் அறிவிக்கும்போது, "சொந்தப் பண்ணை வைத்திருப்பவருக்கு எதற்குக் கூலி உயர்வு?" என்று கேட்பவர்கள் இந்த ஏற்பாட்டை அறியாதவர்கள். நாமக்கல் முட்டைப் பண்ணைகளை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அங்கே பொதுவாகக் கோழி பண்ணைக்காரருடையது, முட்டை விலையின் ஏற்ற இறக்கமும் அவர் தலையில்தான்.

தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தின் உரிமை கைமாறிவிடுமோ என்ற பயம்தான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. என் பார்வையில் அது இடம் மாறிய பயம். விலையை யார் முடிவு செய்கிறார், நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

யார் வாங்கலாம், யார் விற்கலாம்

இதில் உலவும் தவறான நம்பிக்கைகள் நிறைய. அடிக்கடி காதில் விழுபவை இவை.

1. "விவசாயிதான் விவசாய நிலம் வாங்க முடியும்." தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களில் உண்டு. கர்நாடகத்திலும் இருந்தது, 2020இல் எடுத்துவிட்டார்கள். அந்த மாநிலச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கே பயப்பட வேண்டியதில்லை.

2. "வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வயல் வாங்கலாம்." இதைத்தான் பலரும் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி வெளிநாடுவாழ் இந்தியர் வீடு, மனை வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

3. "டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அங்கே நிலத்தை விற்கவே முடியாது." 2020ஆம் ஆண்டின் சட்டம் தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் பட்டியலில் உள்ள சில கனரக ஆலைகளையும்தான். ஒருவர் தன் வயலை இன்னொருவருக்கு விற்பதில் அது தலையிடவில்லை. வயல் மனையாக மாறுவதற்கான கெடுபிடி வேறு சட்டங்களிலிருந்து வருகிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் போட்ட உத்தரவைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

4. "பொம்பளைப் பிள்ளைக்கு நிலத்தில் பங்கில்லை." இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்துவிட்டது. அப்போது திருமணம் ஆகியிருந்த மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் மத்திய சட்டம் அந்தக் கோட்டையும் அழித்தது.

கோயில் நிலம் தனிக் கதை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அதன் சொந்தக்காரர் சாமி. துறை நிர்வாகி மட்டுமே. தலைமுறை தலைமுறையாக அதில் உழுபவர்கள் குத்தகைதாரர்கள். "கோயில் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது" என்பதும் "மூணு தலைமுறையா உழுறோம், எங்களுக்கே சொந்தம்" என்பதும் சட்டப்படி ஒரே அளவுக்குத் தவறு.

இயந்திரம் வந்தால் பெரிய பண்ணையா?

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இரண்டு ஏக்கர்க்காரரும் இன்று இயந்திரத்தில்தான் அறுக்கிறார், ஆனால் அந்த இயந்திரம் அவருடையதல்ல. அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்தும் வண்டிகள் டெல்டாவுக்கு வந்து இறங்கும். வாடகை மணிக்கணக்கில். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும். மழை பெய்து சேறாகிவிட்டால் செயின் வண்டிதான் இறங்கும்; அதற்கு வாடகையும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல். கதிர் சாய்ந்திருந்தால் அதே ஓர் ஏக்கருக்கு இன்னும் நேரமாகும், மீட்டரும் ஓடும். ஆக இயந்திரத்தின் வரவு நிலத்தின் அளவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கையில் ரொக்கம் இருக்க வேண்டிய நேரம் எது என்பதைத்தான் அது மாற்றியிருக்கிறது.

"விவசாயிக்கு வரியே இல்லை"

விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு இருப்பது உண்மை. ஆனால் மூன்று விஷயங்கள் விட்டுப்போகின்றன. வேறு வருமானமும் உள்ளவருக்கு விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போனால், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். கோழி வளர்ப்பும் பால் மாடும் இந்த விலக்குக்குள் வராது. நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்தை விற்றால், அது நெல் விளையும் வயலாகவே இருந்தாலும் மூலதன ஆதாய வரி உண்டு. இரண்டு ஏக்கர் நெல்லில் செலவு போகக் கையில் நிற்பதைப் பார்த்தால், விலக்கு இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் வரி வரம்பை எட்டப்போவதில்லை. அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் வேறு ஆட்கள்.

உடைமைக் கணக்கும் கைவசக் கணக்கும்

இனி முகாமில் எழுந்த கேள்விக்கே வரலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் நிலக் கைவசங்கள் இருந்தன. மொத்தப் பரப்பு 59.71 லட்சம் ஹெக்டேர், சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்திய அளவில் சராசரி 1.08 ஹெக்டேர். இங்கே 93 விழுக்காடு கைவசங்கள் 2 ஹெக்டேருக்குக் குறைவான சிறு, குறு வகை. அவற்றிடம் இருப்பது 62 விழுக்காடு பரப்பு.

"தமிழ்நாட்டில் 79 லட்சம் விவசாயிகள் நிலம் வைத்திருக்கிறார்கள்" என்று இதை மேடையில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு அப்படிச் சொல்லவில்லை. அது எண்ணுவது கைவசத்தை. நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி, ஒருவர் தனித்தோ சேர்ந்தோ ஒரே பொறுப்பில் சாகுபடி செய்யும் மொத்த நிலம் ஒரு கைவசம். ஒருவர் தன் ஓர் ஏக்கரோடு பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தால் அவர் கைவசம் நாலு ஏக்கர். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் இருக்கவே கூடாது.

கூடாது என்பது வரையறை. நடப்பு வேறு. தமிழ்நாடு போல நிலப் பதிவேடு உள்ள மாநிலங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் வீடுவீடாகப் போய் எடுப்பதில்லை. கிராமப் பதிவேடுகளிலிருந்து தொகுப்பது. பதிவேட்டில் குத்தகை ஏறாவிட்டால் மேலே சொன்ன நாலு ஏக்கர்க்காரர் ஓர் ஏக்கர் குறு விவசாயியாகவும், சாகுபடியே செய்யாத பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஏக்கர் சிறு விவசாயியாகவும் நிற்பார்கள். சராசரி குறைந்துகொண்டே போவதாகக் காட்டும் எண்ணில் இப்படிப்பட்ட பொய்த் துண்டுகளும் கலந்திருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போதெல்லாம் பட்டா துண்டாகிறது. உழுபவர் எண்ணிக்கை கூடுவதில்லை.

குத்தகை ஏன் காகிதத்தில் ஏறுவதில்லை?

கிராமத்தில் மூன்று வகை ஏற்பாடு உண்டு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் மாவுக்கு இத்தனை மூட்டை அல்லது ஏக்கருக்கு இவ்வளவு ரொக்கம் என்பது குத்தகை. விளைச்சலைப் பங்கு போடுவது வாரம். ஒரு தொகையை முன்னால் கொடுத்து, அது திரும்பி வரும்வரை உழுவது ஒத்தி. அதில் வட்டியும் இல்லை, குத்தகையும் இல்லை. மூன்றுமே பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் பண்ணையாள்களும் குத்தகைதாரர்களும் பட்ட பாட்டிலிருந்து 1952இல் ஒரு சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுக்க வந்தது. 1956இல் நியாய வாரச் சட்டம் வந்தது. அதன்படி இன்று நிலக்காரருக்குப் போக வேண்டியது விளைச்சலில் கால்பங்கு மட்டும். 1969இல் குத்தகை உரிமையைத் தாசில்தார் பதிவேட்டில் ஏற்ற இன்னொரு சட்டம். எழுத்தில் இல்லாவிட்டாலும், உடல் உழைப்போடு சாகுபடி செய்பவரைக் குத்தகைதாரராக ஏற்கும் சட்டங்கள் இவை. வாரம் கட்டாதது, நிலத்தைக் கெடுப்பது போன்ற சில காரணங்களைத் தவிர வெளியேற்ற முடியாது. அவர் இறந்தால் உரிமை வாரிசுக்கும் போகும்.

இவ்வளவு பலமான பாதுகாப்பைக் கண்டு நிலக்காரர்கள் மிரண்டுபோனார்கள். பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால் ஆளை எழுப்ப முடியாது என்று அடங்கலில் சொந்தச் சாகுபடி என்றே எழுத வைக்கிறார்கள். சிலர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள். பெயரை ஏற்றச் சொல்லிக் கேட்கும் குத்தகைதாரருக்கு அடுத்த பருவத்துக்கு வயல் கிடைக்காது. ஐம்பதுகளின் தஞ்சாவூருக்கு அந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன, அதில் எனக்கு ஐயமில்லை. இன்று நிலக்காரர் என்பவர் பல இடங்களில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைத் தாயாகவோ திருப்பூரில் தைக்கும் மகனாகவோ இருக்கிறார். குத்தகைதாரர் பத்து பேரின் வயலைச் சேர்த்து உழுபவராகவும் இருக்கலாம்.

ஆந்திரம் 2019இல் வேறு வழியை எடுத்தது. நிலக்காரர் சம்மதத்தோடு 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை. அதில் நில உரிமை எதுவும் பிறக்காது, பயிருக்கான உதவி மட்டும் கிடைக்கும். நிலக்காரர் கையெழுத்துப் போட்டால்தானே அட்டை என்பது அதிலுள்ள ஓட்டை.

காகிதத்தில் பெயர் இல்லாததன் விலை இது.

1. பி.எம். கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நிலம் தன் பெயரில் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு மட்டும். குத்தகைதாரருக்கு விதியிலேயே இடமில்லை.

2. பயிர்க் காப்பீடு. இதில் குத்தகைதாரரும் சேரலாம். ஆனால் அவர் பெயருக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும். வெள்ளம் வந்த பிறகு இழப்பீடு யார் கணக்கில் ஏறுகிறது என்பதை இந்த ஒரு சீட்டு முடிவு செய்துவிடுகிறது.

3. கூட்டுறவுக் கடன். சிட்டா, அடங்கல் இல்லாமல் பயிர்க்கடன் கிடைப்பது கடினம். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. உரக் கடையிலும் அடகுக் கடையிலும் கடன் வாங்கி நட்டவருக்கு அதில் தள்ளுபடி ஆக ஒன்றுமில்லை.

4. நெல் கொள்முதல். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. களத்தில் குவித்து, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, பல நாள் நெல்லுக்குக் காவல் கிடப்பவர் குத்தகைதாரர். அவர் பெயரில் சான்று வாங்க முடியாத ஊர்களில் நெல் நிலக்காரரின் சிட்டாவில் போடப்படுகிறது, பணமும் அவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. எஸ்.எம்.எஸ். சென்னையில் இருப்பவரின் செல்போனில் விழும். அவர் குத்தகைப் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும்வரை, வண்டி வாடகை கேட்டு வாசலில் நிற்பவரிடம் குத்தகைதாரர் நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.